சுரப்பிகளின் வரலாறு – 12: சாயம் ஏறாத கட்டிகள்

அக்ரோமெகலியின் கதையைச் சென்ற பகுதியில் முடித்தோம். கையும் காலும் தாடையும் பெருத்துப்போகும் அந்த நோயை 1886இல் பியர் மாரி விவரித்தார். 1900இல் கார்ல் பெண்டா அந்த நோயாளிகளின் பிட்யூட்டரிக் கட்டியில் ஈயோசின் சாயம் ஏறிச் சிவக்கும் செல்கள் மண்டிக்கிடப்பதைக் கண்டு, அவை அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான் நோய் வருகிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தார். இப்படிச் சாயமும் நோயும் கைகோத்து வரும் கட்டியை வகைப்படுத்துவதில் சிரமம் ஏதுமில்லை. சிக்கல் மற்றவற்றில்தான். பிட்யூட்டரியில் கட்டி பெரிதாகிப் பார்வையைப் பறித்த பல நோயாளிகளிடம் கை கால் பெருக்கவில்லை. ஹார்மோன் மிகுந்ததற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களில் சாயமும் ஏறவில்லை. இவற்றையெல்லாம் மருத்துவ உலகம் ஒரே குவியலாகப் போட்டது. முதலில் 'குரோமோஃபோப்' கட்டிகள் என்றார்கள், பிறகு 'செயல்படாக் கட்டிகள்' என்றார்கள். இந்தப் பகுதி அந்தக் குவியல் கரைந்த கதை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வகுப்பு எந்தக் காலத்திலும் கட்டிகளின் இயல்பைக் காட்டியதில்லை, அந்தந்தக் காலத்துச் சோதனை எட்டாத இடத்தைத்தான் காட்டியது. புதிய சோதனை ஒன்று வந்தபோதெல்லாம் குவியலிலிருந்து ஒரு கூட்டம் எழுந்து வேறு வரிசைக்குப் போனது. இன்று மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம்.

முதற்கருவி சாயம். சுரப்பித் துண்டைப் பதப்படுத்தி, சில மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, ஹெமடாக்ஸிலினிலும் ஈயோசினிலும் தோய்த்தால் முன்பிட்யூட்டரியின் செல்கள் மூன்று நிறத்தில் பிரிகின்றன. சில சிவக்கும், சில நீலம் பாயும், மீதி வெளிறிக் கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஜெர்மன் மொழி பேசிய திசுவியலாளர்கள் இந்தப் பிரிவைச் செய்துவிட்டார்கள். அதன் மேல் நோயியலைக் கட்டியெழுப்பியவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். 1912இல் வந்த அவருடைய நூல் பிட்யூட்டரி நோய்களைச் சுரப்பு மிகுந்தவை, சுரப்பு குறைந்தவை என்று பிரித்தது. 1925இல் அவருடைய பாசறையில் பயின்ற நார்மன் டாட்டும் பெர்சிவல் பெய்லியும் கட்டிகளைச் சாயத்தின்படி வரிசைப்படுத்தினார்கள். 1932இல் குஷிங், இன்று அவர் பெயரால் வழங்கும் நோயைச் சிறிய நீலக் கட்டிகளோடு இணைத்துக் காட்டியதும் வரைபடம் முழுமையடைந்ததுபோல் ஆயிற்று. சிவப்பு அக்ரோமெகலி, நீலம் குஷிங் நோய், வெளிறியது எதையும் சுரக்காத வெறுங்கட்டி. அது செய்யும் கெடுதலெல்லாம் அழுத்தத்தால் வருவது. கட்டி மேல்நோக்கி வளர்ந்து பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தை அழுத்தும்போது இரு கண்ணிலும் வெளிப்புறப் பார்வை போய்விடும். நேரே வைத்த புத்தகத்தை வாசிக்கிற ஆள் பக்கத்தில் இருக்கும் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். நல்ல சுரப்பித் திசு நசுங்கிப்போவதால் சோர்வு, மாதவிலக்கு நிற்பது, பாலுணர்வு குன்றுவது ஆகியவை கூடவே வரும்.

அழகான வரைபடம்தான். பிட்யூட்டரி நோயியலின் பாடப்புத்தகங்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அதை விடவில்லை. ஆனால், வரைந்த மை காய்வதற்குள்ளேயே அதில் விரிசல் கண்டது. 1936இல் மேயோ கிளினிக்கின் ரஸல் காஸ்டெல்லோ, பிட்யூட்டரி நோய் எதுவும் வெளிப்படாமல் இறந்தவர்களின் 1000 சுரப்பிகளைப் பிரேதப் பரிசோதனையில் எடுத்துச் சீவிப் பார்த்தார். ஏறத்தாழ 22.5 விழுக்காட்டில் சிறு கட்டிகள் இருந்தன. கணிசமான சிலவற்றில் நீலச் சாயமும் ஏறியது. நீலம் என்றால் குஷிங் நோய் என்ற சமன்பாட்டின்படி இவர்களுக்கு முகம் உப்பி, வயிற்றில் ஊதாக் கோடு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. எதிர்த்திசையிலும் ஓட்டை இருந்தது. 1958இல் டான் நெல்சனும் சகாக்களும், குஷிங் நோய்க்காக அட்ரினல் சுரப்பிகள் இரண்டும் அகற்றப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பின்னாளில் வளர்ந்த பிட்யூட்டரிக் கட்டியை விவரித்தார்கள். அது அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை ஏராளமாகச் சுரந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் சாயமேறாத குரோமோஃபோப் கட்டி. அக்ரோமெகலி நோயாளிகளிலும் சாயமேறாத கட்டிகள் அவ்வப்போது தட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தன.

காரணம் எளிது. சாயம் ஏறுவது செல்லுக்குள் சேமித்து வைத்த ஹார்மோன் துகள்களில். அந்தச் செல் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது. நெய்த சேலையை அன்றன்றைக்கே சந்தைக்கு அனுப்பிவிடும் தறிக்காரரின் கிட்டங்கி காலியாகத்தான் இருக்கும். கிட்டங்கியைப் பார்த்துத் தறி ஓடவில்லை என்று எழுதிவைத்தார்கள். பின்னர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, வெளிறிய செல்களிலும் துகள்கள் இருந்தன. சிறியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, ஒளி நுண்ணோக்கிக்கு அகப்படாதவை.

குவியலிலிருந்து முதலில் எழுந்து போன பெரும் கூட்டத்தின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் வகைப்பாட்டுப் பிழை நோயாளியின் தலையில் எப்படி விடிகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. 1954இல் ஆன் ஃபோர்ப்ஸ், ஃபுல்லர் ஆல்பிரைட் முதலானோர் ஒரு நோய்க்கூட்டை விவரித்தார்கள்: பிள்ளை பெறாத நிலையிலும் மார்பில் பால் சுரக்கிறது, மாதவிலக்கு நின்றுபோகிறது, அக்ரோமெகலி இல்லை. அந்தப் பெண்களில் பலருக்குப் பிட்யூட்டரிக் கட்டி இருந்தது; சாயக் கணக்குப்படி அது குரோமோஃபோப். பால் சுரக்க வைக்கும் ஏதோ ஒன்று அந்தக் கட்டியிலிருந்து வருகிறது என்ற ஊகம் அப்போதே எழுந்தது. ஆனால், ஆடு மாடுகளில் தெளிவாகப் பிரித்தெடுக்கப்பட்ட புரோலாக்டின் என்ற ஹார்மோன் மனிதருக்குத் தனியாக உண்டா என்பதே அன்று சந்தேகம். மனித வளர்ச்சி ஹார்மோனுக்கே பால் சுரக்க வைக்கும் ஆற்றல் இருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். இரண்டும் ஒன்றே என்று பெரிய ஆய்வாளர்கள்கூட நினைத்தார்கள். 1970–71இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ ஃபிரான்ட்ஸும் டேவிட் கிளைன்பெர்க்கும், மாண்ட்ரீலில் ஹென்றி ஃப்ரீஸனும் மனிதப் புரோலாக்டின் தனி ஹார்மோன் என்று நிறுவி, இரத்தத்தில் அதை அளக்கவும் வழி செய்தார்கள். யாலோவும் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய ரேடியோஇம்யூனோஅஸே முறை ஃப்ரீஸனுக்குக் கைகொடுத்தது. அதன் பிறகு 'எதையும் சுரக்காத' கட்டிக்காரர்களின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பெருங்கூட்டத்துக்குப் புரோலாக்டின் எகிறிக்கிடந்தது. அதே ஆண்டுகளில், புரோலாக்டினை அடக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையும் வந்துசேர்ந்தது. தலையைத் திறக்க வேண்டிய நோய், மாத்திரையில் சுருங்கும் நோயாக மாறியது. இதில் கட்டி எதுவும் மாறவில்லை. அதை எந்த வரிசையில் நிறுத்தினோம் என்பது மட்டுமே மாறிற்று.

இரத்தச் சோதனை வந்ததோடு எல்லாம் தெளிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. புதிய அளவுகோல் தன் பங்குக்குப் புதிய பிழைகளைக் கொண்டுவந்தது. மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து டோபமைன் பிட்யூட்டரித் தண்டு வழியாக இறங்கிப் புரோலாக்டின் செல்களை அடக்கிவைக்கிறது. எந்தப் பெரிய கட்டியும் அந்தத் தண்டை நெரித்தால் தடை விலகும். கட்டிக்குச் சம்பந்தமே இல்லாத நல்ல செல்கள் புரோலாக்டினைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். அளவு பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்குள் நின்றுவிடும். அந்த எண்ணை மட்டும் பார்த்துப் புரோலாக்டின் கட்டி என்று முடிவு செய்து மாத்திரை கொடுத்தால், எண் இறங்கிவிடும், கட்டி அப்படியே இருக்கும், பார்வை போய்க்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. உண்மையான இராட்சதப் புரோலாக்டின் கட்டியில் ஹார்மோன் வெள்ளமாக இருப்பதால், இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே ஹார்மோனைப் பிடித்து அளக்கும் சோதனை திணறிப்போய்க் குறைவான எண்ணைக் காட்டிவிடும். கட்டியின் பருமனுக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இல்லையென்றால் மாதிரியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளக்க வேண்டும் என்பது இன்று ஆய்வகங்களுக்குத் தெரிந்த நடைமுறை. ஒரு கட்டியைச் 'செயல்படாதது' என்று எழுதுவதற்கு முன் இத்தனை கேள்விகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த கருவி திசுவுக்குள்ளேயே ஹார்மோனைத் தேடியது. 1970இல் பால் நக்கானே, ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு ஒரு நொதியை இணைத்து, முன்பிட்யூட்டரியின் எந்தச் செல் எந்த ஹார்மோனை வைத்திருக்கிறது என்று நிறம் எழுப்பிக் காட்டினார். அதே பத்தாண்டில் டொரன்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையில் கால்மன் கொவாக்ஸும் ஈவா ஹோர்வாத்தும் அறுவையில் எடுத்த கட்டிகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இருவரும் ஹங்கேரியிலிருந்து போனவர்கள். பிட்யூட்டரிக் கட்டிகளின் இன்றைய உட்பிரிவுகளில் பாதிக்கு மேல் அவர்கள் மேசையில் பிறந்தவை என்று சொன்னால் மிகையாகாது. அவர்கள் கண்டவற்றில் மிகவும் விசித்திரமானது ஒரு மௌனக் கட்டி. அதன் செல்கள் ஏசிடிஎச் ஆன்டிபாடிக்குப் பளிச்சென்று நிறம் தந்தன. நோயாளிக்கோ குஷிங் நோயின் சாயல்கூட இல்லை. இருப்பு இருக்கிறது, விளைவு இல்லை. 1980இல் அதே குழு இன்னொரு வகையையும் பிரித்தது. எந்த ஹார்மோனுக்கும் நிறம் தராத, அமைப்பிலும் எந்தச் செல்லையும் ஒத்திராத கட்டிக்கு 'நல் செல்' (null cell) கட்டி என்று பெயரிட்டார்கள். பழைய குவியலுக்கு ஒரு புதிய, சிறிய வாரிசு கிடைத்தது.

ஹார்மோன் இருந்தும் ஏன் விளைவு இல்லை? இதற்கான விடை கட்டிக்குக் கட்டி வேறு. ஏசிடிஎச் ஒரு பெரிய முன்னோடிப் புரதத்திலிருந்து வெட்டியெடுக்கப்படுகிறது. மௌனக் கட்டிகள் பலவற்றில் அந்த வெட்டு நொதி குறைவாக இருப்பதால் முற்றாத புரதமே வெளியே போகிறது, அட்ரினல் சுரப்பியை அது அசைப்பதில்லை. செயல்படாக் கட்டிகளில் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் கோனடோட்ரோப் கட்டிகளின் நிலைமை இன்னும் சுவாரசியமானது. அந்தக் குலச் செல்கள் சுரக்கும், இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்கள் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பாதிகள் பொருந்தினால்தான் வேலை செய்யும். இந்தக் கட்டிகள் அடிக்கடி ஒற்றைப் பாதிகளாகவே வெளியிடுகின்றன. முழு எஃப்எஸ்எச் வந்தாலும் மாதவிடாய் நின்ற பெண்ணிடம் அது இயல்பாகவே உயர்ந்திருப்பதால் கூடுதல் தெரியாது. ஆணிடம் எஃப்எஸ்எச் கூடினால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஒன்றுமில்லை. மாதவிலக்கு நிற்காத வயதுப் பெண்ணிடம் மட்டும் அரிதாகச் சூலகம் வீங்கி, நீர்க்கட்டிகள் நிறைந்து, கட்டி தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். 1991இல் பீட்டர் ஸ்னைடரின் குழு, சுரக்காதவை என்று கருதப்பட்ட கட்டிகள் உள்ள பெண்களுக்கு டிஆர்எச் என்ற தூண்டு ஹார்மோனை ஊசியில் போட்டு இரத்தத்தை அளந்தது. பலரிடம் எல்எச்சின் பீட்டா பாதி எழும்பிற்று. கட்டியைத் தூண்டிக் கேட்டபோதுதான் பதில் வந்தது. ஆகவே, 'செயல்படாதது' என்று நாம் சொல்வதில் பாதி கட்டியைப் பற்றியது, மீதி அந்த நோயாளியின் வயதையும் பாலினத்தையும் பற்றியது.

அடுத்த திருப்பம் கருவளர்ச்சி ஆய்விலிருந்து வந்தது. பிட்யூட்டரியின் செல்கள் எப்படி வெவ்வேறு குலங்களாகப் பிரிகின்றன என்று எலிகளில் தேடியவர்கள், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டளைப் புரதம் இருப்பதைக் கண்டார்கள். பிட்-1 வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டுத் தூண்டி ஆகியவற்றின் குலம். எஸ்எஃப்-1 கோனடோட்ரோப் குலம். 2001இல் மாண்ட்ரீலின் ஜாக் துருவான் குழு அறிவித்த டிபிட் ஏசிடிஎச் குலம். ஹார்மோன் வற்றிப்போன கட்டியிலும் செல் கருவில் இந்தப் புரதம் நின்றுகொண்டிருக்கும். 2015இல் டோக்கியோவின் டொரனமோன் மருத்துவமனைக் கட்டிகளை வைத்து வெளியான ஆய்வு இதைக் கணக்காகக் காட்டியது. 500க்கும் மேற்பட்ட செயல்படாக் கட்டிகளில், எந்த ஹார்மோனுக்கும் நிறம் தராதவற்றை மட்டும் பிரித்து இந்த மூன்று புரதங்களுக்கும் சோதித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எஸ்எஃப்-1 குலம், கால்வாசி டிபிட் குலம், எந்தக் குலமும் தெரியாதவை 5 விழுக்காட்டளவே. உலக சுகாதார நிறுவனம் 2017இல் குலவழி வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. 2004இல் கொண்டுவந்த 'இயல்பு மாறிய கட்டி' என்ற நடுவகுப்பையும் அப்போதே கைவிட்டது. அது சரியான முடிவு என்பது என் எண்ணம். செல் பெருக்கத்தைக் காட்டும் கேஐ-67 குறியீடு 3 விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு வகுப்பு, தாண்டாவிட்டால் வேறு வகுப்பு என்ற கோடு எந்த உயிரியல் காரணத்தாலும் அங்கே விழவில்லை.

இவ்வளவு நுணுக்கத்தால் ஆகப்போவது என்ன, எப்படியும் மூக்கு வழியாகப் போய்க் கட்டியை எடுக்கத்தானே போகிறோம் என்று அறுவை மருத்துவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எடுப்பது வரைக்கும் குலம் எதுவானாலும் வித்தியாசமில்லைதான். பார்வை நரம்பை விடுவிப்பதே அவசரம். வேறுபாடு அதற்குப் பிறகு தொடங்குகிறது. இத்தகைய பெரிய கட்டிகளில் மிச்சம் விட்டு வருவது சாதாரணம். அந்த மிச்சத்தை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐயில் பார்ப்பது, கதிர்வீச்சு எப்போது கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். டிபிட் குல மௌனக் கட்டிகள் பெண்களிடமும் இளவயதினரிடமும் ஒப்பளவில் அதிகம். அருகிலுள்ள காவர்னஸ் சைனஸுக்குள் நுழையும் போக்கும் அவற்றுக்கு உண்டு. சில ஆண்டுகள் கழித்து மௌனம் கலைந்து முழுக் குஷிங் நோயாக வெடித்தவையும் பதிவாகியிருக்கின்றன. அவை திரும்ப வளரும் வேகம் பற்றி எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லியோனின் ஜாக்லின் துருயாஸ் குழு 410 நோயாளிகளை வைத்து 2013இல் காட்டியது வேறொரு பாதை: கட்டி பக்கத்துத் திசுவில் ஊடுருவியிருக்கிறதா, செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவா என்ற இரண்டையும் சேர்த்துத் தரம் பிரித்தால், எந்தக் கட்டி திரும்பி வரும் என்பதைக் குலத்தைக் கடந்தும் சொல்ல முடிகிறது. இது என் வாதத்துக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. குலம், ஊடுருவல், பெருக்கம் மூன்றும் கட்டியிடம் இருக்கிற குணங்கள். கட்டியில் எது இல்லை என்பதை வைத்து வகுத்த பழைய வகுப்பு இவற்றில் ஒன்றையும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. குலவழி வகைப்பாடும் இன்னொரு சாயம்தானே? நாளைக்கு வேறொரு கருவி வந்தால் இதுவும் கலைந்துபோகாதா? கலையலாம். 2020இல் வெளியான பிரெஞ்சு மரபணு ஆய்வு, மௌன ஏசிடிஎச் கட்டிகளில் கோனடோட்ரோப் குலத்தின் சாயலும் கலந்திருப்பதைக் காட்டிவிட்டது. குலக்கோடுகளும் நாம் வரைந்த அளவுக்கு நேராக இல்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு நிற்கிறது. ஈயோசின் ஒரு சாயம். அது துகளில் ஒட்டியது தற்செயல். எஸ்எஃப்-1 இல்லாவிட்டால் கோனடோட்ரோப் செல் ஒழுங்காக உருவாவதில்லை. செல்லை ஆக்கிய காரணத்தையே அடையாளமாகக் கொள்வது, அதன் கிடப்பை அடையாளமாகக் கொள்வதைவிட உறுதியானது. செலவு பற்றிய மறுப்புக்கு என்னிடம் இவ்வளவு நல்ல பதில் இல்லை. மூன்று ஆன்டிபாடிகளையும் எல்லா ஊர் ஆய்வகங்களும் வாங்கிவைக்க முடியாது. அங்கெல்லாம் 'நல் செல்' என்று எழுதுவதைவிடச் சோதிக்கவில்லை என்று எழுதுவதே நேர்மை.

பெயர் மாற்றத்தில் மட்டும் நான் சீர்திருத்தக்காரர்கள் பக்கம் முழுதாகச் சாயவில்லை. இந்தக் கட்டிகளுக்கு வழங்கிவந்த அடினோமா என்ற பெயரை விட்டுவிட்டுப் பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று அழைக்க வேண்டும் என்று 2017இல் நோயியலாளர் குழு ஒன்று முன்மொழிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 நூல் அதை ஏற்றது. நோய்க்குறியீட்டு எண்ணின் வால் 0 என்பதிலிருந்து 3 ஆனது. 0 தீங்கற்ற கட்டி, 3 புற்று. சிலவகைக் கட்டிகள் ஊடுருவுகின்றன, தீங்கற்றவை என்று அவற்றை எழுதுவது பொய் என்பது அவர்கள் வாதம். பிட்யூட்டரி சொசைட்டி 2019 நிலைப்பாட்டு அறிக்கையில் இதை எதிர்த்தது: பெரும்பான்மையானவை பரவுவதே இல்லை, நோயாளியைத் தேவையின்றி அச்சுறுத்துவானேன் என்றது. காஸ்டெல்லோவின் 225 சுரப்பிகளை நினைத்துக்கொண்டால் எதிர்ப்பின் நியாயம் புரியும். தெரியாமலே சுமந்து வேறு காரணத்தால் இறந்துபோகிற மனிதர்களின் கட்டிக்குப் புற்றின் எண்ணைப் போடுவது, இல்லாத தகவலை இருப்பதாக எழுதுகிற பழைய பழக்கத்தின் மறுபக்கம். நரம்பு மண்டலக் கட்டிகளுக்கான 2021 நூல் இரண்டு பெயர்களையும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டுச் சேர்த்தே அச்சிட்டது.

மிஞ்சிய 'நல் செல்' கட்டிகளைப் பற்றி ஒன்று. 2022 வகைப்பாடு இந்த வகுப்பை ஒழிக்கவில்லை. நுழைவாயிலை மட்டும் குறுக்கியது. ஹார்மோன்கள் எதற்கும், பிட்-1, எஸ்எஃப்-1, டிபிட் மூன்றுக்கும் நிறம் தராத கட்டியை மேசையில் வைத்துக்கொண்டிருக்கும் நோயியல் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, இது பிட்யூட்டரிக் கட்டிதானா என்று. பாராகாங்லியோமா என்ற வேறுவகைக் கட்டி, பிட்யூட்டரி அமர்ந்திருக்கும் எலும்புப் பள்ளத்தில் அரிதாக வளரும்; கெராட்டினுக்கு நிறம் தராமல் கேட்டா-3க்கு நிறம் தந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். நுரையீரலிலோ குடலிலோ பிறந்த நியூரோஎண்டோகிரைன் புற்று அங்கே வந்து தங்கியிருக்கலாம். அதற்கு டிடிஎஃப்-1, சிடிஎக்ஸ்-2 சோதனைகள் உண்டு. அத்தனையையும் செய்து பார்த்து, நோயாளியின் மார்பையும் வயிற்றையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு சொற்களை அறிக்கையில் எழுதலாம்.

(தொடரும்)